கடல் ஏறும் வேளையில் மழை பெய்தால்



மழை நாளில் பால்மரம் வெட்ட இயலாது. எனினும் மழை விட்டதும் நீர் சரிவில் இறங்கி ஓடிவிடும். மேட்டு நிலத்தின் வசதி அது. கரையோர நகரங்களில் மழைநீர் கடலைச் சேரவேண்டும். அவ்வேளையில் கடல் ஏறியிருந்தால், நீர் போக வழியின்றித் தெருவில் தேங்கும். தோட்டங்களை விட்டு வெளியேறிய நம்மவருள் பலர் இன்று கிள்ளான் வட்டாரத் தாழ்நிலங்களில் வாழ்கின்றனர். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாம் மறக்கவில்லை.

அண்டை நாடான சிங்கப்பூர் இதற்குச் செய்த ஏற்பாட்டைக் காண்போம். 2008 அக்டோபரில் அங்கு மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. 350 மீட்டர் அகலமுள்ள கால்வாயின் குறுக்கே ஒன்பது எஃகு மதகுகள் நிற்கின்றன. பெருமழையின்போது கடல் இறங்கியிருந்தால் மதகுகளைத் தாழ்த்தி நீரை வெளியே விடுகின்றனர். கடல் ஏறியிருந்தால் மதகுகள் மூடியே இருக்கும். ஏழு பெரும் பம்புகள் நீரை இறைத்துக் கடலில் தள்ளும். கடலின் ஏற்ற இறக்க நேரத்தை முன்கூட்டியே கணக்கிடலாம் என்பதே இவ்வேற்பாட்டின் பலம். சைனாடவுன் போன்ற தாழ்ந்த பகுதிகளை அணை காப்பதோடு, அதன் உட்புறம் நன்னீர்த் தேக்கமாகவும் பயன்படுகின்றது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்து மழைநீர் அங்குதான் சேர்கின்றது.

ஆயினும் அணை ஒன்றே போதவில்லை. 2010 ஜூன் மாதம் கடலோரத்தில் இல்லாத ஆர்ச்சர்ட் சாலையே வெள்ளத்தில் மூழ்கியது. கால்வாயின் ஒரு பாதையைக் குப்பை அடைத்திருந்ததென அதிகாரிகள் கூறினர். கான் அடைத்தால் என்னவாகும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை! பின்னர் 2018இல் 38,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டி ஒன்று பயனுக்கு வந்தது. மிகுதி நீரைத் தேக்கி, மழை ஓய்ந்தபின் வெளியே விடுவது அதன் பணி.

அத்தொட்டி அமைந்த இடம் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா. 1877இல் 22 ரப்பர் கன்றுகள் வந்திறங்கிய பூங்கா அதுவே. மரத்தைக் கெடுக்காமல் பால் வெட்டும் முறையை ரிட்லி துரை கண்டதும் அங்கேதான்.

2100ஆம் ஆண்டுக்குள் கடல் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் எனச் சிங்கப்பூர் அறிஞர்கள் 2024இல் மதிப்பிட்டுள்ளனர். கடல் உயர உயர, மதகு திறக்கும் நேரம் குறைந்து பம்பின் வேலை கூடும். ஆகவே கரையோரத்தில் வீடு வாங்க எண்ணுவோர் விலையை மட்டும் கேட்டு நின்றுவிடலாகாது. அந்நிலம் எவ்வளவு உயரம், அதன் கான் எந்த ஆற்றில் விழுகிறது, அங்கு மதகும் பம்பும் உள்ளனவா என்பவற்றையும் கேட்டறிய வேண்டும்.