காலை நேரத்து வயிற்றுவலி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் எழுத்தராக அமர்ந்த நமக்கு மருத்துவம் பேசத் தகுதி உண்டா என்று கேட்கலாம். மருத்துவர் சொல்லக் கேட்டவற்றையும் படித்தறிந்தவற்றையுமே கூற முற்படுகின்றோம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குழந்தைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, வகுப்பில் ஆங்கிலம். மாற்றல் உத்தரவு வந்தால் பள்ளியும் மாறும், தோழரும் மாறுவர். பெரும்பாலோர் இதனை எளிதில் கடந்து மும்மொழியும் பேசும் கெட்டிக்காரர் ஆகின்றனர். சிலர் மட்டும் உள்ளுக்குள் நடுங்குகின்றனர். அவர்களைப் பற்றியதே இன்றைய பேச்சு.

திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி, ஞாயிற்றுக்கிழமை இல்லை. "நடிக்கிறான்" என்று வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுவர். அது நடிப்பன்று. அஞ்சிய உடலில் நெஞ்சு விரைந்து துடிக்கும், குடலின் இயக்கம் குழம்பும். வலி மெய்யான வலியே. வேறு நோய் இல்லை என்பதை முதலில் பொது மருத்துவரிடம் தெளிந்துகொள்க. பிறகு மற்றக் குறிகளைப் பாருங்கள்: ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்பது, எழுதியதை அழித்தழித்து எழுதுவது, தனியே உறங்க மறுப்பது. பதின்வயதினரிடம் அச்சம் பலவேளை சினமாகவே வெளிப்படும். அதனைத் திமிர் என்று ஏசுவது எளிது. இருட்டைக் கண்டு மிரளும் சிறு குழந்தையும், தேர்வுக்கு முதல்நாள் படபடக்கும் மாணவியும் நோயாளிகள் அல்லர். பல வாரங்கள் நீடித்து, படிப்பையும் உறக்கத்தையும் விளையாட்டையும் தடுக்குமானால் கவனித்தே ஆகவேண்டும்.

தந்தை பிரம்பை எடுப்பார். தாயோ, "இன்று போகவேண்டா" என்பார். பிரம்பு அச்சத்தை இரட்டிக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. தாயின் இரக்கத்தைப் பற்றித்தான் சற்று விரித்துச் சொல்லவேண்டும். வீட்டில் தங்கியவுடன் வலி நிற்கும், குழந்தை சிரிக்கும். ஆனால் ஒதுங்கினால்தான் பிழைக்கலாம் என்ற பாடத்தையும் மனம் அன்று கற்றுக்கொள்கிறது. மறுநாள் அச்சம் ஒரு பங்கு கூடியிருக்கும்.

1924ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் விரும்பி உண்ணும் வேளையில் கூண்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்து, சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தனர். இறுதியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். இன்றைய சிகிச்சைக்கும் இதுவே உயிர்நாடி. வகுப்பில் எழுந்து தெலுங்கில் விடை சொல்ல அஞ்சும் சிறுமி, முதலில் வீட்டில் உரக்கப் படிக்கட்டும். பிறகு பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தோழியிடம். பிறகு ஆசிரியையிடம் தனியே. அதன்பின் வகுப்பில் ஒரே ஒரு வரி. ஒரு படியில் நடுக்கம் தணிந்த பின்னரே அடுத்த படி.

சிலருக்கு மருந்தும் வேண்டும். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 7 முதல் 17 வயது வரையுள்ள 488 பேர் பங்கேற்றனர். 12 வாரங்களில், இத்தகைய மனப்பயிற்சியும் செர்ட்ராலின் என்ற மருந்தும் சேர்த்துப் பெற்றவருள் நூற்றுக்கு 81 பேர் நன்கு தேறினர். பயிற்சி மட்டும் பெற்றவருள் 60, மருந்து மட்டும் பெற்றவருள் 55, வெற்று மாத்திரை உண்டவருள் 24. மருந்தை மனநல மருத்துவரே தருதல் வேண்டும். தொடக்க வாரங்களில் பிள்ளையை உற்றுக் கவனிக்க வேண்டும். நாமாக நிறுத்துதலும் ஆகாது.

திருமலை அடிவாரத்தில் வாழ்ந்துகொண்டு வேண்டுதலை விடுங்கள் என்போமா? முடிகாணிக்கையும் செலுத்துங்கள்; மருத்துவரையும் பாருங்கள். திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை உள்ளது. சித்தூராருக்கு வேலூர் அண்மையில். அங்குக் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை செய்யும் வழக்கமுடையது.

"செத்துவிடலாம் போலிருக்கிறது" என்று பிள்ளை ஒரு முறை சொன்னாலும் விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். அவ்வெண்ணை மண்டபத்து வாயிற்பலகையில் எழுதி வைத்துள்ளோம்.