விதைநெல்லும் தரவுத்தளமும்

(சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள், தரவுத்தள நிர்வாகிகளுக்கு அளிக்க வேண்டிய பயிற்சி என்பதாகும். பெயரைக் கேட்டு முதியோர் அஞ்ச வேண்டாம். முன்னாளிற் கச்சேரியிலும் பாடசாலையிலும் இடாப்புகளைக் காத்த எழுதுவினைஞரின் தொழிலையே இவர் இன்று கணினியிற் செய்கின்றார். வங்கிக் கணக்கு, வைத்தியசாலைப் பதிவு, பரீட்சைப் புள்ளி யாவும் இத்தகையோர் காவலில் உள்ளன.

பதிவுகள் அழிந்தால் என்ன நேரும் என்பதை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. வேறிடத்திற் பிரதியுள்ள நூலை மீண்டும் தேடிக்கொள்ளலாம். ஒரே பிரதியாயிருந்த ஏட்டுச்சுவடி போனது போனதே. 2009இல் முடிந்த யுத்தத்தின்போது வன்னியில் இடம்பெயர்ந்தோர் பலர் பிறப்புப் பத்திரத்தையும் காணி உறுதியையும் இழந்து அலைந்ததை இச்சபையிலுள்ள பெரியோர் அறிவர்.

தரவுத்தளக் காவலில் இரு கலைகள் உள. ஒன்று இடையறாச் சேவை; மற்றையது பேரிடர் மீட்பு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர். குளத்துத் துருசுக்கு இரண்டு கதவுகள் இருந்தால், ஒன்று இறுகினாலும் மற்றதைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சலாம். அதுபோல, ஒரு கணினி நின்றவுடன் துணைக் கணினி அதன் பணியை ஏற்பது இடையறாச் சேவை. ஆனாற் குளமே உடைப்பெடுத்தால் எத்தனை கதவிருந்து என்ன பயன்? அப்பொழுது வேண்டியது, வெள்ளம் எட்டாத மேட்டிலே கட்டிவைத்த விதைநெல். அதுவே பேரிடர் மீட்பு. துணைக் கணினி முதற் கணினியைப் பார்த்து அப்படியே எழுதுவது. ஒருவர் கைதவறி ஓர் அட்டவணையை அழித்தால், சில விநாடிகளில் அங்கும் அது அழிந்துபோம்.

நமது நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவை கப்பம் கோரும் தீநிரலுக்கு இரையாயிற்று. சேவை 12 மணி நேரத்துக்குள் மீண்டும் எழுந்தது. ஆயினும் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். உடனிணைந்திருந்த பிரதியையும் தீநிரல் பூட்டிவிட்டது. இணைப்பறுத்துத் தனியே வைத்த பிரதி அக்காலப் பகுதிக்கு இருக்கவில்லை. கதவு திறந்தது, விதைநெல் இல்லை.

இது வறிய நாட்டின் குறை மாத்திரமன்று. கிட்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31ஆம் நாள், களைத்திருந்த பொறியியலாளர் ஒருவர் வேறு கணினியென எண்ணி, இயங்கிக்கொண்டிருந்த தரவுத்தளத்தையே அழித்தார். பிரதி காக்க ஐந்து வழிகள் வைத்திருந்தும், ஒன்றேனும் நம்பத்தக்கதாய் இருக்கவில்லை. பிரதி எடுக்கும் கருவி நெடுநாளாகத் தோற்றுவந்ததை அறிவிக்கும் மின்னஞ்சலும் ஒருவரையும் சேரவில்லை. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்த பிரதியொன்றே கைகொடுத்தது. நடந்ததை மறையாது உலகுக்கு எழுதி வெளியிட்டமை அந்நிறுவனத்தின் பெருமை.

ஆகவே, பிரதி எடுக்கக் கற்பிப்பது பாதிப் பயிற்சியே. மீட்கப் பழக்குவதே முழுப் பயிற்சி. மீட்டுப் பார்க்காத பிரதி, முளைக்குமோ என்று சோதித்தறியாத விதை. யான் கற்ற மிஷன் பாடசாலையில் நெருப்பு ஒத்திகை மணி அடிப்பதுண்டு. நெருப்பில்லை என்பது எல்லோர்க்கும் தெரியும். ஆயினும் வெளியேறும் வழி காலுக்குப் பழகிவிடும். நிர்வாகிக்கும் அத்தகைய ஒத்திகை வேண்டும்.

பயிற்சி பெறுவோர் முதலில் இரு வினாக்களுக்கு விடை காண வேண்டும். எத்தனை மணி நேரப் பதிவை இழந்தால் தாங்கலாம்? எத்தனை மணி நேரம் சேவையின்றிப் பொறுக்கலாம்? வைத்தியசாலைக்கு ஒரு விடை, நூல்நிலையத்துக்கு வேறு விடை. அடுத்தது, பிரதியை எங்கே வைப்பது என்பது. மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வெளியூரில் என்பது இத்தொழிலோர் கொண்ட விதி. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரே வேளை வெள்ளத்துள் அகப்பட்டன. ஒன்றின் பிரதியை மற்றொன்றில் மட்டும் வைப்பது போதாது என்பதற்கு இதனிலும் மேலான பாடம் வேறென்ன?

தோழர்களே, இதனைக் கற்கக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. 2021இல் வவுனியாவிலே தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன; பழைய கணினிகள் இரண்டு இருந்தாற் போதும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நமது அங்கத்தவர் இடாப்பையும் கணக்கையும் கணினியில் ஏற்றி, மும்மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்துவோம். ஒருவர் ஒரு கணினியை நிறுத்தட்டும். அத்தொகுதியை அமைக்காத வேறொருவர், எழுதிவைத்த குறிப்பை மாத்திரம் பார்த்து, மற்றக் கணினியில் அனைத்தையும் மீட்கட்டும். பெரியோர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்கட்டும். குறிப்பில் எந்த வரி விளங்கவில்லையோ, அதனை அன்றே திருத்துவோம். இவ்வாறு பத்து வாலிபர் பழகினால், நாளை நமது பிரதேச வைத்தியசாலையின் பதிவும் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கும் அவர் கையில் நிலைபெறும்.

இழப்பை நன்கறிந்த மண் இது. காக்கும் கலையிலும் முன்னிற்க வேண்டும்.