சிறு சம்பளத்திற்குப் பறக்கலாமா?



2001-இல் நம் சுரங்கம் மூடப்பட்டபின், நம் பிள்ளைகள் விடியலில் ரயிலேறிப் பெங்களூரில் பிழைப்புத் தேடுகின்றனர். அவர்களுள் விமானியாக விழைவோர்க்கு ஒரு சொல் கூற விரும்புகிறோம்.

நம் நாட்டில் வணிக விமானி உரிமத்திற்கு 200 மணி நேரம் பறந்திருந்தால் போதும். பெரிய விமானத்தின் தலைமை விமானியாவதற்குரிய உரிமத்திற்கோ 1500 மணி வேண்டும். இடைப்பட்ட 1300 மணியை யார் தருவார்? அதற்குரிய தகுதி பெற்று, பயிற்சிப் பள்ளியில் சிறு சம்பளத்திற்கு ஆசிரியராக அமர்வதை நாம் இழிவெனக் கருதோம்.

ஆயின், ஊதியமின்றிப் பறக்க அழைப்போரும், பறப்பதற்கே பணம் கேட்போரும் உலகில் உளர். வீட்டை அடகு வைத்துப் படித்த பிள்ளை அங்கே செல்லலாகாது. பதிவேட்டில் மணி ஏறும். அடகுக் கடையில் வட்டியும் ஏறும். நந்திதுர்க்கில் பாறை உடைத்த நம் பாட்டன்மார் பெற்றது சொற்பக் கூலி, எனினும் கூலி! மாதம் எத்தனை மணி, சம்பளம் எந்த நாளில், விமானப் பராமரிப்பு எவர் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் பெற்ற பின்னரே கையொப்பமிடட்டும்.