இருதயக் கதவு மாற்றுங்கால் நேரும் ஓர் அபாயம்



மார்பைப் பிளவாது, இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி இருதயத்தின் மகாதமனி வாயிலில் புதுக் கதவு பொருத்தும் சிகிச்சையை, 2002-ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்து ரூவான் நகரில் அலென் க்ரிபியே என்னும் வைத்தியர் முதன்முதலாகச் செய்தார். மூப்பினால் அறுவைக்கு அஞ்சுவோர்க்கு இது பெரும் வரமே.

ஆயினும் இம்முறையில் பழைய கதவை எவரும் எடுத்தெறிவதில்லை. புதுக் கதவு விரியுங்கால் பழைய இதழ்கள் சுவரோரம் ஒதுக்கப்படுகின்றன. இருதயத்தை ஊட்டும் இரு குழாய்களின் வாய்களும் அவ்விடத்தேயன்றோ உள்ளன! இதழ் அவ்வாயை மூடின், சில நிமிஷங்களில் உயிருக்கே மோசம். இது நூற்றுக்கு ஒருவர்க்கும் குறைவாகவே நேர்கிறது. பெண்மக்களுக்கும், முன்னரே பொருத்திய திசுக் கதவு பழுதானவர்க்கும் சற்று மிகுதி.

ஆதலின் முன்னதாகவே ஸி.டி. படமெடுத்து அளக்கின்றனர். வாயின் உயரம் 12 மில்லிமீட்டருக்குக் குறையின் எச்சரிக்கை வேண்டும். சிகிச்சைக்கு நாளும் நட்சத்திரமும் விசாரிக்கும் நாம், இவ்வளவு யாதென்று வைத்தியரைக் கேட்பதில்லை!

இடம் குறுகியிருப்பின், அக்குழாயினுள் முன்கூட்டியே கம்பியும் ஸ்டென்டும் வைத்துக் காப்பர். அன்றி, 2018-இல் வெளியான பாஸிலிகா என்னும் முறையில், மின்சாரமேற்றிய கம்பியால் பழைய இதழை நெடுக்கே கிழித்துவிடுவர். அப்பிளவின் வழியே இரத்தம் குழாயினுட் செல்லும்.