பிள்ளைகளின் புத்தகத்தில் நம்ம குடும்பம் எங்கே?

(கிளிநொச்சியில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் மத்தியில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



பிள்ளைகளின் கதைப் புத்தகங்களில் மலையகம் என்றால் பெரும்பாலும் ஒரே படம்தான். பச்சை மலை, முதுகில் கூடை, சிரிக்கிற ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருக்காது. அவள் வீடு எது, பிள்ளை என்ன படிக்குது என்றும் இருக்காது. வன்னிக்கு வந்த நம்ம சனத்தையோ அந்தப் படத்திலும் காண்பது அரிது.

நம்மிடம் கதை இல்லையா? 1820களில் தொடங்கி நம்ம முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைப் பக்கம் நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை பறிபோனது. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று வந்து காடு வெட்டி, கிணறு தோண்டிக் குடியேறினீங்க. 2009இல் முடிந்த யுத்தத்தில் அதையும் விட்டு ஓடி, திரும்பி வந்தீங்க. இதைவிடப் பெரிய கதை என்ன வேணும்?

“பழைய கஷ்டத்தைப் பிள்ளைக்கு ஏன் சொல்லணும்?” என்று சிலர் கேட்கலாம். நாம் சொல்லாவிட்டால், “தோட்டக்காட்டான்” என்று தெருவில் யாரோ சொல்வது மட்டுமே பிள்ளை காதில் விழும். பாட்டி எந்த ஊர் என்று கேட்டால் பிள்ளை தலை குனியும். கதை தெரிந்த பிள்ளை குனியாது.

சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவர். தோட்டத்துச் சனம் வாயால் பாடிய பாட்டுகளைச் சேர்த்துப் புத்தகமாக்கினார். அவர் 1984இல் காலமானார், பாட்டுகள் நிற்கின்றன. நாமும் அதைச் செய்யலாம்.

ஒரு கொப்பி எடுங்க. பிள்ளை கேட்கட்டும், பாட்டி சொல்லட்டும். எந்தத் தோட்டம்? லயத்துக் காம்பராவில் எத்தனை பேர்? பெரட்டு எத்தனை மணிக்கு? வன்னிக்கு எந்த வருஷம் வந்தீங்க? முதல் நாள் தண்ணி தந்தது யார்? பிள்ளையே படம் வரையட்டும். படத்துக்குக் கீழே பாட்டியின் பெயரைக் கட்டாயம் போடுங்க. பத்துக் கொப்பி சேர்ந்தால், பள்ளிக்கூட வாசிகசாலையில் வைக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்க. தோட்டத்தில் இருக்கிற நம்ம சொந்தங்களும் எழுதட்டும். பாதிக் கதை அவர்களிடம் இருக்குது.

1977இல் தாயின் கையைப் பிடித்து வந்த பிள்ளைகளே இன்றைக்குத் தாத்தா, பாட்டி. அவர்கள் இருக்கும்போதே கேட்கணும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்க.