யார் துணை செய்கிறார்கள்?

(யூபிலி விழாக் கருத்தரங்கில் குடும்ப மருத்துவர்கள் சார்பில் ஆற்றிய உரை)



இவ்வட்டாரத்தில் பல்லாண்டுகளாக வைத்தியம் பார்த்துவரும் நாங்கள், இந்த நன்னாளில் முதலில் எங்கள் குறை ஒன்றை ஒப்புக்கொள்ள விரும்புகிறோம்.

ஒரு மூதாட்டியை மாதந்தோறும் அவர் மகள் கைப்பிடித்து அழைத்து வருவார். இரத்த அழுத்தம் பார்ப்போம், மாத்திரை எழுதுவோம். ஒரு மாதம் அவர்கள் வரவில்லை. வீடு தேடிச் சென்றபோதுதான், மகள் தாங்காமல் அந்தத் தாயால் கழிப்பறைக்குக்கூடப் போக இயலாது என்பதும், அதற்காகவே மகள் தம் வேலையை விட்டுவிட்டார் என்பதும் தெரிந்தன. அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நாட்டுக் கணக்கிலும் இத்தகையோர் விடுபடுகிறார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர், நூற்றுக்கு 2.21 பேர். உலக சுகாதார நிறுவனமோ, உலகில் ஆறு பேரில் ஒருவர் குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்வதாக 2022-இல் அறிவித்தது. இவ்வேற்றுமைக்குக் கேட்கும் முறையும் ஒரு முக்கிய காரணமாகும். "வீட்டில் ஊனமுற்றவர் உண்டா?" என்றால், ஊரார் பேச்சுக்கு அஞ்சி "இல்லை" என்போர் பலர். முதுமைத் தளர்ச்சியை ஊனம் என்று எண்ணுவோரும் சிலரே.

ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளியியல் ஆணையம் 2001-இல் அமைத்த வாஷிங்டன் குழு, வேறு விதமாகக் கேட்கிறது. கண்ணாடி அணிந்தும் பார்ப்பதில், கருவி வைத்தும் காது கேட்பதில், நடப்பதில், நினைவில் வைப்பதில், குளித்து உடுத்துவதில், பேசிப் புரியவைப்பதில் சிரமம் உண்டா? இந்த ஆறு கேள்விகளுக்கும் விடைகள் நான்கு: சிரமமில்லை, கொஞ்சம், மிகுதி, அறவே இயலாது.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. 40 விழுக்காடு என்ற சான்றிதழ் பல உதவிகளுக்கு வழி திறக்கிறது. அதை அவசியம் பெறுங்கள். ஆனால் இரவில் எழுப்பி உட்கார வைப்பவர் யார் என்பது அச்சான்றிதழில் இராது. ஆகவே நாங்கள் மேலும் இரண்டு கேட்கிறோம்: யார் துணை செய்கிறார்கள்? அவர் நோயுற்றால் என்ன செய்வீர்கள்?

இதைக் கேட்கக் குடும்ப மருத்துவரே பொருத்தமானவர். பாட்டியையும் பேரனையும் அறிந்தவர் அவர். துணை செய்பவரின் முதுகுவலிக்கும் அவரே மருந்து எழுதுகிறார்.

அன்பர்களே, அடுத்த முறை வரும்போது மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பெயர் எங்களிடமே இருக்கும். எத்தனை வீடுகளில் சக்கர நாற்காலி வேண்டும், எத்தனை வீடுகளில் பகலில் இரண்டு மணி நேரம் மாற்றாள் வேண்டும் என்ற எண்ணிக்கையை மட்டும் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் தருவோம். யூபிலி ஆண்டு முடியுமுன் இக்கணக்கை முடிப்போம். அந்த மகளின் வீட்டை முதலாவதாகக் குறித்துவிட்டோம்.