சிரிக்க வைத்துச் சொன்னவர்



தென்கச்சி கோ. சுவாமிநாதன் குரல் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வேளாண்மை படித்தவர்; திருநெல்வேலி வானொலியில் வேலை பார்த்தார். பிறகு சென்னை நிலையத்திலிருந்து 1988 தொடங்கிப் பல வருஷம் ‘இன்று ஒரு தகவல்’ சொன்னார். ஒரு விஷயம், ஒரு குட்டிக் கதை, கடைசியில் ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். அவர் சிரிக்க மாட்டார், நாமதான் சிரிப்போம். 2009 செப்டம்பர் 16-ல் காலமானார்.

அவரிடம் நமக்கு என்ன பாடம்? அறுவடை முடிந்தும் பருத்திமார் காட்டிலேயே கிடந்தால், காய்ந்த காயில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கி, அடுத்த பட்டத்தில் பக்கத்துக் காட்டுக்கும் பரவும். உங்க காடு மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது. பக்கத்துக் காட்டுக்காரரை அதட்டினால் கேட்க மாட்டார். டீக்கடையில் உட்கார்ந்து, சிரிச்ச முகமாகக் கதையாச் சொல்லுங்க, மாரைப் பிடுங்கிடுவார்.